போஸ்ட் போடும் முன்னால் எங்கே வைத்துப் பார்ப்பது? ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

துணிக்கடை, பலகாரக் கடை, டியூஷன் சென்டர் என்று சின்னத் தொழில்களுக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கம் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பதிவுகளை முன்கூட்டியே திட்டமிட, போடுவதற்கு முன் அது எப்படித் தெரியும் என்று பார்க்க, எதைப் பயன்படுத்துவது? இன்ஸ்டாகிராம் ஆப்பே போதுமா, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் மெட்டா தரும் பிசினஸ் சூட்டுக்குப் போக வேண்டுமா, கேன்வா ப்ரோ வாங்கினால் டிசைனும் ஷெட்யூலும் ஒரே இடத்தில் முடியுமா, பஃபர் மாதிரி மாதச் சந்தா டூல் தேவையா, இல்லை கூகுள் ஷீட்டும் வாட்ஸ்அப் குரூப்பும் வைத்தே ஓட்டிவிடலாமா?

இதை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நேரம் குறித்துவைக்கும் வசதியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். ராத்திரி எட்டு மணிக்குப் போக வேண்டிய பதிவு எட்டரைக்குப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் விலை தவறாகவோ எழுத்து உடைந்தோ கடைப் பெயர் பாதி வெட்டுப்பட்டோ போனால் நாம் பார்ப்பதற்குள் யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். அதனால் எந்த வழி உண்மையான தோற்றத்தை முன்கூட்டியே காட்டுகிறது, எது ஓனர் கண்ணில் சரியான நேரத்தில் படவைக்கிறது என்பதைத்தான் இங்கே முதலில் வைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

போட்ட பிறகு எதை மாற்ற முடியாது? இன்ஸ்டாகிராமில் கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். படத்தையோ வீடியோவையோ மாற்ற முடியாது. பல படங்கள் கொண்ட பதிவில் ஒரு படத்தை நீக்கலாம், ரீல்ஸ் கவரை மாற்றலாம், அவ்வளவுதான். ஃபேஸ்புக்கில் எழுத்தைத் திருத்தலாம், ஆனால் முன்பு என்ன எழுதியிருந்தோம் என்ற வரலாறு அங்கேயே கிடக்கும். எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் திருத்தும் வசதி பணம் கட்டியவர்களுக்கு மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம். யூடியூபில் தலைப்பு, தம்ப்னெயில் எல்லாம் மாறும், வீடியோவுக்குப் பதில் வேறு வீடியோ வைக்க முடியாது. ஆக, முன்னோட்டம் பார்க்க இருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைப் படத்துக்கும் வீடியோவுக்கும் கொடுங்கள். எழுத்துப்பிழைக்காகக் கேப்ஷனை ஏழு தடவை படித்துவிட்டு, படத்துக்குள் இருக்கும் விலையை ஒரு தடவைகூடப் படிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

எங்கே வெட்டுப்படும்? 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் கிரிட்டை, அதாவது நம் பக்கத்தில் பதிவுகள் கட்டம் கட்டமாக அடுக்கித் தெரியும் இடத்தை, சதுரத்திலிருந்து 3:4 என்ற நெட்டைச் செவ்வகமாக மாற்றியது. இன்னும் பலர் பழைய சதுர டெம்ப்ளேட்டிலேயே டிசைன் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1080க்கு 1080 சதுரப் படம் கிரிட்டில் 810 அகலம்தான் தெரியும், இடது வலது இரண்டு பக்கமும் தலா 135 பிக்சல் போய்விடும். "சின்னாளப்பட்டி சுங்குடி" என்று ஓரத்திலிருந்து ஓரம்வரை எழுதியிருந்தால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காணாமல் போகும். 1080க்கு 1350 படத்தில் பக்கத்துக்கு 34 பிக்சல் போல்தான் போகும், பரவாயில்லை. 1080க்கு 1920 ரீல்ஸ் கவரில் மேலேயும் கீழேயும் தலா 240 போகும். அப்புறம் ரீல்ஸ் ஓடும்போது கீழ்ப்பகுதியைக் கணக்குப் பெயரும் கேப்ஷனும் மூடிக்கொள்ளும், வலது ஓரத்தில் லைக், கமெண்ட் பட்டன்கள் உட்கார்ந்துகொள்ளும். விலையையும் போன் நம்பரையும் அங்கே போய் வைக்கிற பழக்கம் நம் டிசைனர்களிடம் அதிகம்.

தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா? எந்த ஒப்பீட்டிலும் அதிகம் பேசப்படாத விஷயம் இது, ஆனால் நமக்கு முக்கியமானது. பாமினி எழுத்துருவில் அடித்த வரியை அச்சகத்திலிருந்து வாங்கி அப்படியே கேப்ஷனில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும், யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் "கொ"வின் கொம்பு பிரிந்து இடம் மாறி நிற்கும். கேன்வாவில் அழகான ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால், அதில் தமிழ் இல்லாதபோது வேறொரு எழுத்துரு சத்தமில்லாமல் வந்து உட்காரும், வரி நீளம் மாறி எழுத்து பெட்டிக்கு வெளியே போகும். முக்த மலர், கேட்டமரன், பலூ தம்பி, ஹிந்த் மதுரை மாதிரித் தமிழுக்காகவே வரைந்த எழுத்துருக்களோடு தொடங்குவது பாதுகாப்பு.

எக்ஸ் தளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 280 என்ற எல்லை நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதில்லை, உயிர்மெய்யின் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. "தமிழ்" மூன்றெழுத்துதான், அங்கே ஐந்து. "ஆடித் தள்ளுபடி" இடைவெளியோடு ஒன்பது, அங்கே பதினான்கு. கண்ணால் எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று நினைத்த வரி அங்கே போய் நிற்காது.

சரி சொல்பவர் யார், அவர் எதில் பார்ப்பார்? ஓனர் லேப்டாப் திறக்க மாட்டார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பார்த்து "ஓகேப்பா, விலைய மட்டும் மாத்திடு" என்பார். இந்த ஒரு பழக்கத்தை மதிக்காத எந்த டூலும் இரண்டாவது வாரத்தில் கைவிடப்படும்.

மொத்தச் செலவு எவ்வளவு? சந்தாத் தொகை மட்டும் செலவு இல்லை. வரி, டாலர் மாற்றுக் கட்டணம், கற்றுக்கொள்ளும் நேரம், வேலை செய்யும் பையன் அல்லது பொண்ணு விலகிப் போனால் என்ன ஆகும் என்பது, எல்லாம் சேர்த்துத்தான்.

## 1. இன்ஸ்டாகிராம் ஆப்பிலேயே டிராஃப்ட், ஷெட்யூல்

பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்காக மாற்றியிருந்தால் ஆப்பிலிருந்தே 75 நாள் முன்னால்வரை ஷெட்யூல் செய்யலாம். படம் எங்கே வெட்டுப்படும், கவர் எப்படி நிற்கும் என்பதை அந்தத் தளமே காட்டுவதால் முன்னோட்டம் நம்பகமானது. ஆப்புக்குள் இருக்கும் பாட்டு, ஸ்டிக்கர், எஃபெக்ட் எல்லாம் கையில் இருக்கும். ரீல்ஸ்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் இதுவே முதல் தேர்வு.

மறைந்திருக்கும் விலை டிராஃப்ட்டில், அதாவது போடாமல் சேமித்துவைத்த பதிவில், இருக்கிறது. டிராஃப்ட் அந்த போனில் மட்டும்தான் இருக்கும். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டாலோ போன் மாற்றினாலோ போச்சு. தீபாவளிக்கு எடுத்த வீடியோ எல்லாவற்றையும் டிராஃப்ட்டிலேயே சேர்த்துவைத்துக்கொண்டு, இடம் இல்லை என்று போன் கத்தும்போது ஆப்பை அழிப்பவர்கள் உண்டு. எடிட் முடித்த வீடியோவை கேலரியிலும் கூகுள் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள், தயவுசெய்து. அப்புறம், போனை வைத்திருப்பவர் மட்டும்தான் பார்க்க முடியும். ஓனருக்குக் காட்ட ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுத்து அனுப்ப வேண்டும். வேலை செய்பவர் ஊருக்குப் போய்விட்டால் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் போய் முடியும், அது இன்னும் மோசம்.

பாட்டு விஷயத்தில் ஒரு வார்த்தை: பிசினஸ் கணக்குக்குக் கிடைக்கும் பாட்டுப் பட்டியல் கிரியேட்டர் கணக்கைவிடச் சின்னது. சினிமாப் பாட்டு வைத்து ரீல்ஸ் திட்டமிட்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் அந்தப் பாட்டே வரவில்லை என்று நிற்காமல், திட்டம் போடும்போதே கடைக் கணக்கில் அந்தப் பாட்டு இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

## 2. மெட்டா பிசினஸ் சூட்

இலவசம். ஃபேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராமும் ஒரே காலண்டரில். ஒரே பதிவை இரண்டு இடத்துக்கும் வேறு வேறு கேப்ஷனோடு தயார் செய்து, இரண்டிலும் எப்படித் தெரியும் என்று பக்கத்திலேயே பார்க்கலாம். ஃபேஸ்புக்கில் வாடிக்கையாளர் அதிகம் இருக்கும் கடைகளுக்கு, குறிப்பாக நடுத்தர வயதுக்காரர்கள் வாங்கும் பொருள் என்றால், இதை விட்டுவிட்டு வேறெங்கும் பணம் கட்டத் தொடங்க வேண்டாம் என்பேன்.

இதன் உண்மையான பலம் அனுமதி கொடுக்கும் முறை. பாஸ்வேர்ட் தராமலே ஊழியருக்கு அவருடைய சொந்தக் கணக்கு வழியாக அனுமதி கொடுக்கலாம், வேலையை விட்டுப் போனால் எடுத்துவிடலாம். சின்னக் கடைகளில் பக்கம் கைவிட்டுப் போகும் கதைகள் பெரும்பாலும் பழைய ஊழியரின் போனோடு கணக்கும் போனதில்தான் தொடங்குகின்றன, அந்த ஒரு காரணத்துக்காகவே இதை அமைத்துவைப்பது மதிப்பு.

குறைகள்? போனில் இந்த ஆப் சிலசமயம் மந்தமாக இருக்கும், மெனு அடிக்கடி இடம் மாறும், புதிதாக வருபவருக்கு எது எங்கே என்று புரிய ஒரு வாரம் ஆகும். யூடியூப், லிங்க்ட்இன், எக்ஸ் எதுவும் இதில் இல்லை.

வெப்சைட் லிங்க் போடுகிறவர்கள் கூடவே ஷேரிங் டீபக்கர் என்ற மெட்டாவின் இலவசக் கருவியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். லிங்க்கோடு வரும் படத்தை ஃபேஸ்புக் ஒருமுறை எடுத்துவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் காட்டும். சைட்டில் பொங்கல் படத்தை வைத்த பிறகும் பதிவில் தீபாவளிப் படமே வருகிறது என்றால் அதில் லிங்க்கைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால் போதும். பதிவைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

## 3. கேன்வாவும் அதன் பிளானரும்

டிசைன் அங்கேயே நடப்பதால் காலண்டரும் அங்கேயே இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுவது இயல்பு. பதிவுகளை நேரம் குறித்துவைக்கும் அந்தக் காலண்டர்தான் பிளானர், அது ப்ரோ சந்தாவில் வருகிறது. விளம்பரப் படங்கள், விலைப்பட்டியல், வாழ்த்து அட்டை, மேற்கோள் என்று டிசைன் சார்ந்த பதிவுகள்தான் உங்கள் பக்கத்தில் அதிகம் என்றால் இது நேரத்தை மிச்சப்படுத்தும். லிங்க் அனுப்பினால் ஓனர் போனிலேயே திறந்து பார்க்கலாம்.

ஆனால் கேன்வா காட்டுவது டிசைனின் முன்னோட்டம். பதிவின் முன்னோட்டம் வேறு. ரீல்ஸின் கீழே கேப்ஷன் மூடுவது, கிரிட்டில் ஓரம் போவது எல்லாம் கேன்வா திரையில் தெரியாது, படம் முழுசாக அழகாக நிற்கும். ஒரு எளிய வழி உண்டு: டெம்ப்ளேட்டிலேயே 3:4 எல்லைக்கு இரண்டு கைடு கோடு போட்டுவைத்து, எழுத்து எதுவும் அதைத் தாண்டக்கூடாது என்று டிசைனரிடம் சொல்லிவிடுவது. சதுர டெம்ப்ளேட்களை இனி தொடாமலே இருப்பது அதைவிட நல்லது.

இன்னொன்று, கேன்வாவில் எல்லாம் இருப்பதால் புடவையை வெயிலில் வைத்து எடுத்த நேரான புகைப்படம் போட வேண்டிய இடத்திலும் பூ, பார்டர், ஸ்டிக்கர் என்று அலங்காரம் ஏறிக்கொண்டே போகும். வாங்குகிறவருக்கு நிறமும் நெசவும்தான் தெரிய வேண்டும். வேலையை எளிதாக்கும் கருவி பக்கத்தின் முகத்தையே மாற்றிவிடுவதும் ஒரு செலவுதான்.

## 4. பஃபர், லேட்டர், ஹூட்சூட் போன்ற தனி டூல்கள்

நான்கைந்து தளங்களில் இருப்பவர்களுக்கு, அல்லது பல வாடிக்கையாளர்களின் பக்கங்களை ஒரே ஆள் பார்க்கும்போது, இவை உண்மையிலேயே தேவை. ஒரே இடத்தில் காலண்டர், தளத்துக்குத் தளம் எழுத்து எண்ணிக்கை, சிலவற்றில் கிரிட்டை இழுத்துவைத்துப் பார்க்கும் வசதி, ஒருவர் எழுதி இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை. பஃபரின் இலவசத் திட்டத்தில் மூன்று கணக்குகளை இணைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரத்தில் பத்துப் பதிவு வரிசையில் வைக்கலாம். ஒரு சின்னக் கடைக்கு அதுவே பல மாதம் போதும்.

பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள். விலை டாலரில் இருக்கும், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி சேரலாம், கார்டு வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பிடிக்கும். 2021 அக்டோபரில் தானாகப் பணம் பிடிப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் விதிகள் வந்த பிறகு, கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் போவது சில சந்தாக்களில் நின்று நின்றுதான் நடக்கிறது. புதுப்பித்தல் தவறினால் வரிசையில் வைத்த பதிவுகளும் நின்றுபோகலாம். அதேபோல இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மாற்றினால் டூலோடு இருந்த இணைப்பு அறுந்துவிடும், மறுபடி இணைக்கும்வரை எதுவும் போகாது. அதைத் தெரிவிக்கும் மெயில் யாருமே திறக்காத இன்பாக்ஸுக்குப் போயிருக்கும்.

வெளி டூல் வழியாகப் போகும் பதிவில் இன்ஸ்டாகிராமின் சொந்தப் பாட்டு, வாக்கெடுப்பு ஸ்டிக்கர் போன்றவற்றைப் பொதுவாகச் சேர்க்க முடியாது. அப்படிப்பட்ட பதிவுக்கு டூல் உங்கள் போனுக்கு நினைவூட்டல் மட்டும் அனுப்பும், கையால்தான் போட வேண்டும். தானாகப் போய்விடும் என்று நினைத்துத்தானே வாங்கினோம்?

இலவசம் என்று நம்பி முழு வேலையையும் ஒரே டூலில் கட்டுவதும் ஆபத்து. ஹூட்சூட் தன் இலவசத் திட்டத்தை 2023இல் நிறுத்தியது. அதே ஆண்டு எக்ஸ் பதிவுகளைக் கையாளும் ட்வீட்டெக் டூலும் பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் என்று ஆனது. திட்டத்தின் மூலப் பிரதி எப்போதும் உங்கள் ஷீட்டில் இருக்கட்டும்.

## 5. கூகுள் ஷீட், வாட்ஸ்அப் குரூப், ஒரு சோதனைக் கணக்கு

ஏளனமாகப் பார்க்கப்படும் வழி. எனக்கு இதன்மேல் நிறைய மரியாதை உண்டு. ஷீட்டில் தேதி, எந்தத் தளம், படத்தின் டிரைவ் லிங்க், கேப்ஷன், விலை, யார் சரி சொன்னது என்று ஆறு பத்திகள். ஓனர், டிசைனர், போடுபவர் மூவரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். அப்புறம் ஃபாலோயர் யாரும் இல்லாத, பிரைவேட்டாக வைத்த ஒரு இரண்டாவது இன்ஸ்டாகிராம் கணக்கு.

அந்தச் சோதனைக் கணக்கில் பதிவைப் போட்டுப் பார்ப்பதைவிட உண்மையான முன்னோட்டம் எந்தக் காசு டூலிலும் கிடையாது, ஏனென்றால் அங்கே நீங்கள் பார்ப்பது பதிவையேதான். கிரிட்டில் எப்படி நிற்கிறது, "மேலும்" என்று கேப்ஷன் எந்தச் சொல்லில் முறிகிறது, டார்க் மோடில் எப்படி இருக்கிறது, மலிவு ஆண்ட்ராய்டு போனில் எழுத்து படிக்க முடிகிறதா, எல்லாம் தெரியும். கேப்ஷனின் முதல் இரண்டு வரிதான் ஃபீடில் தெரியும் என்பதால் "அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தால் சேதி முழுவதும் மறைந்துவிடுவதை ஓனரே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வார். யூடியூபுக்கு இதே வேலையை, லிங்க் கையில் இருப்பவர் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் வீடியோ செய்யும்.

கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒரே ஆப்பில் இரண்டு கணக்கு இருக்கும்போது சோதனைப் பதிவு கடைக் கணக்கில் போய்விடும் வாய்ப்பு உண்டு, அதனால் இரண்டுக்கும் ப்ரொஃபைல் படத்தை முற்றிலும் வேறு நிறத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து போகும், ஓனர் "மங்கலா இருக்கே" என்று டிசைனரைத் திட்டுவார். ஹெச்டி தேர்வு செய்து அனுப்புங்கள், அல்லது டாக்குமென்ட்டாக.

இதன் செலவு ஒழுங்குதான். யாராவது ஒருவர் தினமும் ஷீட்டைத் திறக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் இந்த வழி ஒரு மாதம்கூடத் தாங்காது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | முன்னோட்டத்தின் நம்பகம் | ஓனர் பார்க்க வசதி | பணச் செலவு | பெரிய ஆபத்து |
|---|---|---|---|---|
| இன்ஸ்டாகிராம் ஆப் | அதிகம் | குறைவு | இல்லை | டிராஃப்ட் ஒரே போனில் |
| பிசினஸ் சூட் | நன்று | நடுத்தரம் | இல்லை | மெட்டா தளங்கள் மட்டும் |
| கேன்வா | டிசைனுக்கு மட்டும் | அதிகம் | ப்ரோ சந்தா | வெட்டுப்படுவது தெரியாது |
| தனி டூல் | நன்று | டூலைப் பொறுத்து | டாலர் சந்தா | இணைப்பு அறுவது, திட்டம் மாறுவது |
| ஷீட் + சோதனைக் கணக்கு | மிக அதிகம் | அதிகம் | இல்லை | ஒரு ஆளை நம்பியிருப்பது |

## யாருக்கு எது

ஒரே ஆள், பெரும்பாலும் ரீல்ஸ், இன்ஸ்டாகிராம் மட்டும் என்றால் ஆப்பே போதும், பிரதி எடுத்துவைக்கும் பழக்கத்தோடு. கடை, இரண்டு மூன்று ஊழியர்கள், ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் என்றால் ஷீட்டும் சோதனைக் கணக்கும் முன்னோட்டத்துக்கு, பிசினஸ் சூட் ஷெட்யூலுக்கு. நான் பரிந்துரைப்பதும் பெரும்பாலும் இந்தக் கூட்டணியைத்தான். டிசைன் பதிவுகளே பிரதானமான பயிற்சி மையம், மருத்துவமனை மாதிரி இடங்களுக்கு கேன்வா ப்ரோ பொருந்தும், ஆனால் கடைசியாக ஒருமுறை போனில் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. மூன்று வாடிக்கையாளருக்கு மேல் பார்க்கும் ஃப்ரீலான்சர் தனி டூலுக்குப் பணம் கட்டலாம், மிச்சமாகும் நேரத்தில் சந்தா அடைபட்டுவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஷெட்யூல் செய்வதாக இருந்தால், நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீரில் நின்ற நாட்களைப் போன்ற ஒரு நாளில் "அதிரடித் தள்ளுபடி, இன்றே வாருங்கள்" என்று தானாகப் போய்விட்டால் எந்த விளக்கமும் எடுபடாது. வாழ்த்துப் பதிவுகளிலும் இதே கவனம் வேண்டும். பொங்கல், தீபாவளித் தேதி முன்பே தெரியும். ரம்ஜானுக்கு முதல்நாள் இரவு தலைமைக் காஜி பிறை பார்த்து அறிவிக்கும்வரை தேதி உறுதியில்லை, காலண்டரைப் பார்த்து ஷெட்யூல் செய்தால் ஒருநாள் முன்னாலேயே வாழ்த்து போய்விடலாம். அந்தப் பதிவை டிராஃப்ட்டில் தயாராக வைத்து, அறிவிப்பு வந்ததும் கையால் போடுங்கள். புது கலெக்‌ஷன் பதிவு ராகு காலத்தில் போகக்கூடாது, நல்ல நேரத்தில்தான் போக வேண்டும் என்று ஓனர் கேட்டால் அதற்கு மட்டும் ஷெட்யூல் கச்சிதமாக உதவும், அவர் மனசும் நிறையும்.

ஒரு டூலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வரிசையில் இருக்கும் பதிவுகள் கூடவே வராது. பழையதில் உள்ளவற்றை ஷீட்டில் எழுதி, அங்கே நீக்கிவிட்டு, பிறகு புதியதில் ஏற்றுங்கள். நீக்காமல் ஏற்றினால் ஒரே பதிவு இரண்டு தடவை போகும்.